மணமக்களுக்குப் பின்னால் ஒரு மலை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருந்தகை விநாசித்தம்பி அவர்களே! ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்த அன்னையர்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் இளஞ்சிங்கங்களே! வணக்கம்.

"படம் எப்பண்ணே போடுவீங்க?" என்கிறார் அங்கே ஒருவர். பொறுங்கள் தம்பி! போடலாமா கூடாதா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

நம் சந்திரிகா வீடியோ எடுக்காத கல்யாணம் பினாங்கில் உண்டா? எல்லா மணமக்களையும் மலையடிவாரத்தில் ஒரே இடத்தில் நிறுத்திப் படமெடுப்பது அவர் வழக்கம். அந்தக் காட்சிகளை மட்டும் வரிசையாய்க் கோத்து, 'குறையில்லா ஊர்' என்றொரு கலைப்படம் செய்திருக்கிறார். கதை இல்லை, வசனம் இல்லை. முன்னால் மணமக்கள் மாறுகிறார்கள். பின்னால் மலை மாறுகிறது! முதல் ஜோடிக்குப் பின்னால் பச்சைக் காடு. பிறகொரு ஜோடிக்குப் பின்னால் பாதை. இன்னொரு ஜோடிக்குப் பின்னால் புல்டோசர். கடைசி ஜோடிக்குப் பின்னால் வெறும் செம்மண்!

நாம் எதைப் பார்த்தோம்? பட்டுப்புடவையைப் பார்த்தோம், பதக்கத்தைப் பார்த்தோம், பந்திக்கு யார் வரவில்லை என்று பார்த்தோம். மலையைப் பார்த்தவர் யார்?

அந்தக் கடைசி மணமகள், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கும் யோகம்மா அக்காவின் மகள். "மொட்ட மண்ணு முன்னாடி நின்னா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? பின்னாடி ஒரு அருவிய ஒட்டிடு லா" என்றார் அக்கா அன்று. சந்திரிகாவும் கல்யாண வீடியோவில் ஒட்டிக் கொடுத்தார். எந்த நாட்டு அருவியோ, யார் கண்டது!

சிரிக்காதீர்கள். குறையில்லா உலகத்துக்கு ஆசைப்படுவது குற்றமா? இல்லவே இல்லை. இருந்த சொர்க்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, இல்லாத சொர்க்கத்தை ஒட்டவைக்கிறோமே, அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

அருவியை எடுத்துவிட்டுக் காட்டினால்தான் இந்தப் படம் படம். ஆனால் சந்திரிகா, "அக்கா சரின்னு சொல்லாம போட மாட்டேண்ணே" என்று உறுதியாய் நிற்கிறார். அக்கா, சபையில் வைத்து உங்களைக் கேட்பது முறையல்ல. நான் கேட்கவில்லை.

என்னக்கா, எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

"போடு சந்திரிகா. அந்த மண்ணு மேலதான் இப்ப ஃப்ளாட் கட்டியிருக்காங்க. என் மக அதுலதான் குடியிருக்கா. பெரிய மழை பெஞ்சா, மண்ணு சரிஞ்சிடுமோன்னு கைக்குழந்தைய வச்சுக்கிட்டு தூங்காம உக்காந்திருக்கா. சம்பந்தி பேசினா பேசட்டும்."

அன்பர்களே, அக்காவுக்கும், சந்திரிகாவுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நன்றியும் வணக்கமும்.

விளக்கை அணையுங்கள். அருவி இல்லாமல் பார்ப்போம்.