எழுபத்திரண்டாவது கையெழுத்து

என் பெயர் சரத். தகப்பனார் பெயர் சின்னராசு. வயது 16. உயர்நிலை நான்கில் படிக்கிறேன். ஜாலான் புசாரை ஒட்டியுள்ள புளோக் 83, ஒன்பதாம் மாடியில் வசிக்கிறேன். 2025 ஜூலை 24, வியாழக்கிழமை பிற்பகல் 3.10 மணிக்கு, காவல் நிலையத்தில் சார்ஜண்ட் நசீர் முன்னிலையில், என் விருப்பப்படி தமிழில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். பதினெட்டு வயது ஆகாதவரை விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்பதால், அமலா என்ற தொண்டூழியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எனக்கு உறவில்லை. இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, சிங்கப்பூர் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எனக்குக் குடிக்கக் கொடுக்கப்பட்ட மைலோ பாக்கெட்டில் ஸ்ட்ரா இல்லை. இதைப் பதிவு செய்யும்படி கேட்டேன். பதிவு செய்யப்பட்டது. அமலா ஆன்ட்டி தன் கைப்பையைத் துழாவி ஒரு ஸ்ட்ரா எடுத்துக் கொடுத்ததும் பதிவு செய்யப்பட்டது.

எங்கள் புளோக்கையும் பக்கத்து இரண்டு புளோக்குகளையும் சேர்த்து, கூரைகளில் சூரிய மின்தகடு பதிக்கவும், மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி வைக்கவும் நகர மன்றம் திட்டம் போட்டது. அந்த மின்சாரத்தில் லிப்ட், தண்ணீர் பம்பு, நடைபாதை விளக்குகள் ஓடும். செலவில் பாதி நகர மன்றத்துடையது, மறுபாதி ஒரு பொது நிதியிலிருந்து வரும். ஆனால் ஒவ்வொரு புளோக்கிலும் முக்கால்வாசி வீட்டு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு புளோக் தவறினாலும் மூன்றுக்கும் நிதி கிடையாது. பக்கத்து இரண்டு புளோக்குகளும் முடித்துவிட்டன. எங்கள் புளோக்கில் 96 வீடுகள், ஆகவே 72 கையெழுத்து தேவை. ஜூலை 11 வரை வந்தது 49. கடைசி நாள் ஜூலை 25, அதாவது நாளை மாலை ஐந்து மணி.

ஜூலை 11 அன்று வசிப்போர் குழுச் செயலாளர் வைதேகி அக்கா என்னை லிப்டில் பார்த்தார். “இந்த லிப்ட் இன்று முதல் மேலே மட்டுமே செல்லும்” என்று நான் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். “சரத்து, நீ வாலுன்னு புளோக்குக்கே தெரியும்லா. ஆனா நீ தட்டினா கதவு திறப்பாங்க. கையெழுத்துப் பாரத்தை எடுத்துக்கிட்டுப் போ” என்றார். போனேன்.

அதன் பிறகு ஜூலை 12, 13 ஆகிய இரண்டு நாளில் 23 பாரங்களை நிரப்பிக் கொடுத்தேன். அந்த 23 கையெழுத்தையும் நானே போட்டேன். கூரையில் தகடு, கீழே தகிடுதத்தம். பன்னிரண்டாம் மாடி டான் அங்கிளுக்கு இடது கையால் போட்டேன். நான்காம் மாடி அனிதா டீச்சருக்கு அழகாகச் சுழித்துப் போட்டேன். ஒரே பேனாவாகத் தெரியாமலிருக்க ஐந்து பேனா பயன்படுத்தினேன். எங்கள் வட்டாரத்தில் இதற்கு முன் யாரும் இவ்வளவு செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் இருந்தாய் என்று சார்ஜண்ட் கேட்டார். டான் அங்கிள் வீட்டில் அரை மணி நேரம், அவருடைய மீன் தொட்டியைப் பார்த்தேன். பதினோராம் மாடி பூவம்மா ஆன்ட்டி வீட்டில் நாற்பது நிமிடம். நான் எழுந்தபோது அவர், “உட்காருடா, சூரியன் எங்கயும் ஓடிடாது” என்று சொல்லி இரண்டாவது முறை தோசை வைத்தார். கையெழுத்து வாங்காமல் நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்று சார்ஜண்ட் கேட்டார். கையெழுத்துப் பாணியை ஆராய்ந்தேன் என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு ஜூலை 21 அன்று நகர மன்றத்தினர் சரிபார்ப்பதற்காகச் சில வீட்டு உரிமையாளர்களுக்குப் போன் செய்தார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். சாங்கியில் சரக்குக் கிடங்கில் வேலையில் இருந்த அவர், “நான் எதுலயும் சைன் பண்ணலையே, யார் நீங்க?” என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு நகர மன்றம் போலீசில் புகார் கொடுத்தது.

இதுவரை சொன்னதை சார்ஜண்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். 23 பாரங்களும் செல்லாது, திட்டம் மூன்று புளோக்குக்கும் நின்றுபோகும் என்று விளக்கினார். அதன் பிறகு ஒரு பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பூவம்மா ஆன்ட்டியுடையது. அதில் கையெழுத்து இல்லை, நீல மையில் பெருவிரல் ரேகை இருந்தது.

“இதுவும் நீ போட்டதா தம்பி? எங்க, உன் கட்டைவிரலக் காட்டு.”

நான் காட்டவில்லை. அமலா ஆன்ட்டி என் மைலோவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதன் பிறகு கீழ்க்கண்டவாறு திருத்திச் சொல்கிறேன்.

பூவம்மா ஆன்ட்டியின் ரேகையையும் சேர்த்து, 22 கையெழுத்துகளும் அந்தந்த வீட்டுக்காரர்களே போட்டவை. டான் அங்கிளுக்கே இடது கைப் பழக்கம். ஐந்து பேனா, அனிதா டீச்சர் கொடுத்த பரிசு. நான் போட்டது ஒன்றுதான், எங்கள் வீட்டுப் பாரத்தில், அப்பாவுடையது.

அம்மா நான் தொடக்கநிலை இரண்டில் படிக்கும்போது இறந்துவிட்டார். அப்பா மார்ச் மாதத்திலிருந்து புக்கிட் பாத்தோக்கில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்வார். ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, லிப்ட் ஒன்பதில் நிற்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு நானே போட்டேன். மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடப் பாரங்களிலும் அப்படித்தான் போட்டு வருகிறேன்.

அப்பாவுடையது ஒன்று மட்டும் என்று சொன்னால், அதை அவரிடமே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் வீட்டில் இல்லை என்று தெரிந்தால் என்னை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடுவார்கள், அவருக்கும் பிரச்சினை வரும் என்று பயந்தேன். 23ஐயும் நானே போட்டேன் என்று சொன்னால், வால் பையன் வாலாட்டினான் என்று விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். மற்ற வீடுகளின் கையெழுத்து கெட்டுப்போகும் என்று யோசிக்கவில்லை.

இப்போது கணக்கில் 71 இருக்கிறது. இன்னும் ஒன்று வேண்டும். திறக்காத வீடுகளில் மூன்று முறை தட்டிவிட்டேன், மீதிப் பேர் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அப்பா நாளை ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்து போட வேண்டும். அவருக்கு நீங்கள் போன் செய்யுங்கள் என்று சார்ஜண்டிடம் கேட்டுக்கொண்டேன். நான் செய்தால், “வேலையா இருக்கேன்டா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவார். போலீஸ் கூப்பிட்டால் வருவார்.

இந்த வாக்குமூலத்தில் சாதனை பற்றியது பொய், திருத்திச் சொன்னது உண்மை, ஸ்ட்ரா பற்றியது முழு உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன், வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கீழே இருப்பது என் சொந்தக் கையெழுத்து. கொஞ்சம் கோணலாக இருக்கும். இந்த வருடம் அப்பாவுடையதைத்தான் அதிகம் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சரத்