கத்திக்குள்ள உங்க குரல்

காப்பி வேணாங்கக்கா. தண்ணியும் வேணாம், நீங்க உக்காருங்க மொதல்ல. ஆமா, உங்க வீட்டுக்கார டாக்டரோட லேப்லேர்ந்துதான் வர்றேன், மிஷின் பாத்துக்குற டெக்னீசியன். அய்யய்யோ, அவர் அனுப்பலக்கா! நான் இங்க வந்தது தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு.

விஷயம் இதான். கல்லீரலுக்குள்ள ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு மேலேர்ந்து பாத்தா தெரியாது. கத்தி கிட்ட போனா, வெட்டுற டாக்டரை மிஷின் உஷார்படுத்தணும். கண்ணு ஏற்கெனவே வேலையா இருக்கு, அதனால காது, கை, மூக்கு வழியா சொல்லுவோம்னாரு மிஷினை டிசைன் பண்ண புரொபசர். பீப் சத்தம் வச்சோம். இந்த ரூம்ல எல்லாமேதான் கத்துது, எதுக்குன்னு திரும்புறதுன்னுட்டாரு உங்க வீட்டுக்காரர். கைப்பிடிய அதிர வச்சோம். போன் வருதுன்னு பாக்கெட்டைத் தடவுறாரு. தீஞ்ச பால் வாசனைய விட்டோம். அவர் அசையல, பக்கத்துல நின்ன நர்சம்மா அடுப்பை அணைக்கலியோன்னு வீட்டுக்கு ஓடிட்டாங்க.

அன்னிக்குன்னு பாத்து நீங்க போன் பண்ணீங்க. ஸ்பீக்கர்ல. என்னங்கன்னீங்க, அவ்வளவுதான். கத்தி அந்தரத்துல நின்னுருச்சு!

கோவப்படாதீங்கக்கா, கேக்காம பதிவு பண்ணது தப்புதான். அந்த ஒரு போன்லயே எங்களுக்கு வேண்டியதெல்லாம் கெடைச்சிருச்சு. குழாய்க்கு அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும்போது, என்னங்க. மூணு இருக்கும்போது, உங்களத்தான். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்குன்னா, நான் பேசுறது காதுல விழுதா இல்லியா. கறிக்கடை ஈரல் நாப்பது வெட்டினாரு, ஒரு குழாய்ல கீறல் கெடையாதுக்கா. கடைக்காரர் என்னைப் பாத்தாலே ஈரலை எடுத்துத் தனியா வச்சிருவாரு.

இப்ப நீங்க கோச்சுக்கிட்டுத் தனியா வந்து ரெண்டு வாரம் ஆச்சா? போன வாரம் மிஷின் என்னங்கன்னுச்சு. இனிமே நீ சொல்லி நான் என்ன கேக்குறதுன்னாரு. உங்களத்தான்னுச்சு. போடின்னுட்டு நறுக்குனு வெட்டிட்டாரு. நல்லவேளை, கறிக்கடை ஈரல்.

வேற குரலா? பாத்தாச்சுக்கா. உங்க மாமியார் குரலப் போட்டா, கத்திய கீழ வச்சிட்டு, சாப்பிட்டேம்மாங்கிறாரு.

திரும்பி வந்து குடும்பம் நடத்துங்கன்னு சொல்ல நான் யாரு? அது உங்க பாடு. ஒரே ஒரு போன் பண்ணுங்க, திட்டுறதுக்காவது பண்ணுங்க. உங்க பேச்சுக்கு அவருக்கு மறுபடி ஒரு பயம் வரணும், அவ்வளவுதான். இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள. மொத தடவையா மனுஷனுக்கு ஆபரேஷன் பண்றாங்க.

யாருக்கா? மிஷினுக்கு மாதிரிப் படம் வேணும்னு போன மாசம் என்னைத்தான் ஸ்கேன்ல படுக்க வச்சாங்க. ஈரல்ல சின்னதா ஒரு கட்டி. நாம செஞ்ச மிஷின நாமளே நம்பலன்னா எப்படின்னு உடனே கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பல்லாம் நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானேக்கா இருந்தீங்க?

வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க, அதான் காப்பி வேணாம்னேன்.