பொய்ச்சாட்சிக்காரனுக்குக் கஞ்சி

யுத்த காலத்தில் ஒரு நாள், திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் அக்காளும் தங்கச்சியுமாக இரண்டு பெண்கள். அக்காளின் மடியில் ஒரு தூக்குச்சட்டி.

"பொய்ச்சாட்சி சொல்லி அத்தானை ஜெயிலுக்கு அனுப்புனவனுக்கா கஞ்சி கொண்டு போற?" என்றாள் தங்கச்சி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசு. ஆசுபத்திரியில அவனைப் பாக்க ஒரு நாதியில்ல."

"அத்தான் ஜெயில்லயே செத்துப்போனாக. அவுகளைப் பாக்க யாரு இருந்தா?"

அக்காள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள்.

"தினம் ஜெபத்துல அவன் நாசமாப் போகணும்னுதான் கேட்டேன். படுத்துட்டான்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்தச் சந்தோசத்தைக் கண்டுதான்டி பயந்துபோனேன். அவனுக்குத் தீர்ப்புச் சொல்லக் கர்த்தர் இருக்காரு. நான் விட்டுட்டேன்."

"நான் விடல. நீ அங்க போனா நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

ஆசுபத்திரிக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. அக்காள் தூக்குச்சட்டியோடு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் நகரத் தொடங்கியதும் கத்தி நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடினாள்.

"அவன் மொகத்துல முழிக்க மாட்டேன்க்கா. நீ வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கேன்."