கூரை இன்னும் தெரிகிறது

காபிக்கு நன்றி, ஷெரிஃப். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

மின்னசோட்டாவில் பிறந்த உங்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். குளிர்காலத்தில், இஞ்சினைக் கழற்றிய ஒரு பழைய காரை உறைந்த ஏரியின் மேல் நிறுத்துவோம். அது என்றைக்கு, எத்தனை மணிக்கு மூழ்கும் என்று ஊரே பந்தயச் சீட்டு வாங்கும். நம் ஆம்புலன்ஸ் ஓடுவது அந்த வசூலில்தான். இருபத்தாறு வருடமாக உரிமம் என் பெயரில் இருக்கிறது.

மூழ்கிய காரை வெளியே இழுக்க அதில் ஒரு சங்கிலி கட்டியிருப்போம். போன வருடம் நான் அதை இழுத்து காரைச் சீக்கிரமே மூழ்கடித்ததாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். அதனால்தான் சூதாட்டக் கட்டுப்பாட்டு அதிகாரி டோலெஃப்சன் நேற்று வந்தார். உணவகத்தில் எல்லோர் முன்னாலும் பேசினார்.

"வெர்லின், சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவன் நான். உங்க தில்லுமுல்லு என்கிட்ட நடக்காது. கார் கூரை முழுசா தண்ணிக்குள்ள போற வரைக்கும் சங்கிலியில கை வெச்சீங்க, உரிமம் காலி."

"சரிங்க சார்."

"ஏரிப் பனி எவ்வளவு கெட்டியா இருக்குன்னு தனியா ஒருத்தருக்குச் சொன்னாலும் காலி."

திருடன் என்று சொல்லாமல் சொன்னார். வலித்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு இஞ்சின் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஏரியில் இறங்கினார். "தாங்குமில்ல?" என்று கேட்டார். காலையில்தான் பனியைக் கம்பியால் குத்திப் பார்த்திருந்தேன். உளுத்த பலகை மாதிரி இருந்தது.

"அதை உங்களுக்கு மட்டும் எப்படி சார் சொல்றது?"

"பரவாயில்லையே, தேறிட்டீங்க!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் பானெட்டைத் திறந்ததும் காரின் மூக்கு உள்ளே போயிற்று. அவர் கூரைமேல் ஏறிக்கொண்டார்.

"யோவ், சங்கிலியை இழுய்யா!"

"கூரை இன்னும் தெரியுது சார்."

"நான்தானே சொல்றேன்!"

"எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லது."

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தபோதும் பின்பக்கக் கூரை ஒரு சாண் வெளியே தெரிந்தது. அது மறைந்ததும் நேரத்தைக் குறித்தேன்: இரண்டு பதினேழு. அப்புறம்தான் இழுவை இயந்திரத்தை ஓட்டினேன். நம் ஆம்புலன்ஸில்தான் அவரை ஏற்றிப் போனார்கள். இரண்டு கால்விரல் போய்விட்டதாம், பாவம். பந்தயப் பரிசு நம் ஊர்ப் பல் டாக்டருக்கு விழுந்தது. இந்த வருடம் ஒரு புகார்கூட இல்லை.

நான்கு நிமிடம் பத்து நொடி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றது விதிக்காக மட்டும்தான், ஷெரிஃப். மூன்றாவது நிமிடம் வரைக்கும் எனக்கு அதில் துளி சந்தோஷமும் இல்லை.