டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை பகல், பூந்தமல்லியில் ஒரு கார் ஆடியோ கடையின் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்:

ராஷித் – கடைக்காரர். பதினாறு வருடமாகக் கார்களில் ஸ்பீக்கர் பொருத்துகிறவர். வாயை மூடி வேலை செய்யத் தெரியாதவர்.

இருதயராஜ் – அம்பத்தூரில் ஐ.டி. வேலை. தன் பழைய காருக்குச் சப்-வூஃபர் தேர்ந்தெடுக்க வந்தவன். வந்ததிலிருந்து டிக்கிப் பக்கம் மட்டும் போகவில்லை.

சூசையம்மா – அந்தக் காரின் பின் சீட்டில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

ராஷித்: பெட்டி வெச்சுக்க மாமே. சொன்னா கேளு. பெட்டில போட்டாதான் நெஞ்சுல குத்தும்.

இருதயராஜ்: பெட்டி வேணாம் பாய். டிக்கி காலியா இருக்கணும். பின் கண்ணாடிக்குக் கீழ பலகை இருக்குல்ல... அதுலயே ரெண்டு வூஃபர் போட்டுடுங்க.

ராஷித்: பெட்டி இல்லாம மாட்டுறது... ஃப்ரீ ஏரு. நெட்டுல பாத்துட்டு வந்துட்ட.

இருதயராஜ்: பாத்தேன்.

ராஷித்: அதுல இத்த சொன்னானா? எல்லா வூஃபரும் பெட்டி இல்லாம நிக்காது. பெட்டிக்குன்னு செஞ்சத அங்க மாட்டுனா, தாங்கிப் புடிக்க காத்து இல்லாம ஸ்பீக்கரோட பேப்பர் கோன் லொடலொடன்னு ஆடும். ஒரே மாசம், கிழிஞ்சுடும். தானே இறுக்கமா நிக்கிற ரகம் வேணும். இதோ, இது. அமுக்கிப் பாரு.

இருதயராஜ்: சரி. இதையே போடுங்க.

ராஷித்: அமுக்கவே இல்லியே நீ!

இருதயராஜ்: நீங்க சொன்னா சரிதான் பாய்.

ராஷித்: எட்டு இன்ச்சா, பத்து இன்ச்சா?

இருதயராஜ்: எதுனாலும் ஓகே. அந்த... சீல் பண்ணுவீங்கல்ல, அதச் சொல்லுங்க.

ராஷித்: எத்த?

இருதயராஜ்: டிக்கிக்கும் உள்ளுக்கும் நடுவுல. காத்து வராம.

ராஷித்: அத்த செஞ்சே ஆவணும். கோன் முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி தள்ளுற காத்தும் சேந்துச்சுனா ஒண்ண ஒண்ணு தின்னுடும். பேஸு செத்துப்பூடும். பெட்டி இல்லேன்னா டிக்கிதான் பெட்டி. சீட்டு முதுகு, பலகைக்கு அடி, ஒயர் போற ஓட்டை, எல்லாத்தையும் ஷீட் ஒட்டி அடைச்சுடுவேன்.

இருதயராஜ்: சுத்தமா? ஊசி போற எடம்கூட இல்லாம?

ராஷித்: வர்றவன் எல்லாம் எவ்ளோ அதிரும்னு கேப்பான். காத்து கசியுமான்னு கேக்குற மொத ஆளு நீதான் மாமே.

இருதயராஜ்: சும்மா... தெரிஞ்சுக்கத்தான்.

ராஷித்: இரு, பலகைய பாக்கறேன். பின் கண்ணாடி வழியா தெரியும்... ஓவலா ரெண்டு ஓட்டை வண்டியோடயே கீது... எட்டு இன்ச்சுன்னா கொஞ்சம் வெட்டுனா போதும்... பத்துன்னா...

இருதயராஜ்: என்ன பாய், பேச்சு நின்னுபோச்சு?

ராஷித்: ...ஒண்ணுமில்ல. கண்ணாடில தூசி. உள்ள உக்காந்துகினு கீறது யாரு?

இருதயராஜ்: தெரிஞ்சவங்க. வழியில லிஃப்ட் கேட்டாங்க.

ராஷித்: ஓ... லிஃப்டு.

சூசையம்மா: ஆமா பாய். சார் ஆவடி மார்க்கெட்டாண்ட எறக்கி வுடுறேன்னாரு. தங்கமான மனுசன்.

ராஷித்: ஆவடிக்குப் போறவங்கள பூந்தமல்லிக்கு இட்டாந்துட்டாரு. நல்ல லிஃப்டுதான்.

இருதயராஜ்: வேலையப் பாருங்க பாய்.

ராஷித்: பாக்குறேன், பாக்குறேன். டிக்கிய தொற.

இருதயராஜ்: எதுக்கு?

ராஷித்: இன்னா எதுக்கு? வூஃபரு காந்தம் பலகைக்கு அடியில தொங்கும். டிக்கி மூடியோட கம்பில இடிக்குதான்னு பாக்கணும். அப்புறம் சாம்பிராணி டெஸ்ட்டு கீது.

இருதயராஜ்: அது என்ன?

ராஷித்: நம்ம கடை வழக்கம். டிக்கிக்குள்ள தட்டுல சாம்பிராணி போட்டு மூடிடுவேன். கண்ணாடிய ஏத்திட்டு ஒரு ஆளு பின் சீட்டுல உக்காந்து மோந்து பாக்கணும். வாசனை எங்கேந்து வருதோ அங்கதான் ஓட்டை. ஒட்டறதுக்கு முன்னால ஒரு தபா, ஒட்டுன பின்னால ஒரு தபா.

இருதயராஜ்: ...டிக்கிய தொறக்காம பண்ண முடியாதா?

ராஷித்: வயித்த தொறக்காம ஆப்பரேசனா?

சூசையம்மா: தொறந்துடுங்க சார். என் சாமான்தானே.

ராஷித்: அல்லா... சாம்பிராணியே வேணாம். டெஸ்ட்ட நீயே போட்டு எட்டாந்துகீற!

இருதயராஜ்: அது... அவங்களோடது.

ராஷித்: கருவாடு! இது நெத்திலி... இது வாளை... அந்த மூட்டைல இன்னா?

சூசையம்மா: சென்னாக்குனி. சுறா கீழ கீது.

இருதயராஜ்: அவங்க வியாபாரம் பாய். வாரத்துக்கு ஒரு நாள் காசிமேட்டுல இருந்து ஏத்திட்டு வருவேன். ஒரு உதவிதான்.

ராஷித்: உதவிய நிறுத்திடு. வூஃபரே வேணாம் உனக்கு.

இருதயராஜ்: முடியாது. அவங்களுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. இந்த மூட்டையோட பஸ்ல ஏத்த மாட்டான்.

ராஷித்: அப்ப பழகிக்க.

இருதயராஜ்: நாளையில இருந்து ஆபீஸ் ஆளுங்க மூணு பேர் டெய்லி என் வண்டில வராங்க. அவங்களா கேக்கல, நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு வாய விட்டுட்டேன். போன வாரம் ட்ரெயின் நின்னுபோச்சுன்னு ஒரு நாள் ஏத்துனேன். அம்பத்தூர்ல இருந்து திருமுல்லைவாயில் வரைக்கும். செம மழை. அந்த மழையில நிவேதிதா கண்ணாடிய எறக்கிட்டா. அப்புறம் அருள்மொழியும் எறக்கிட்டான். நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லல பாய்.

ராஷித்: நீ இன்னா சொன்ன?

இருதயராஜ்: பழைய வண்டி, முன்னாடி வெச்சிருந்தவன் மீன் ஏத்தியிருப்பான்னு சொன்னேன்.

சூசையம்மா: அது நல்லாத்தான் சொன்னீங்க சார்.

ராஷித்: சரி, நாத்தம்தான் பிரச்சினைன்னா ஷீட்ட மட்டும் ஒட்டச் சொல்லியிருக்கலாமே. வூஃபரு எதுக்கு?

இருதயராஜ்: பாட்டுக்காகத்தான் போடுறேன்னு சொல்லியிருந்தேன்.

ராஷித்: யாருகிட்ட?

சூசையம்மா: என்னாண்டதான் பாய். வர்ற வழியில சொன்னாரு. இனிமே பாட்டு நல்லா கேக்கும்னாரு.

ராஷித்: உங்களாண்ட எதுக்கு சொல்லணும்?

சூசையம்மா: சும்மா... பேச்சுத்துணைக்கு.

ராஷித்: சரிதான். டிக்கிய மூடுறேன். கண்ணாடி ஏத்தியாச்சு. ரெண்டு நிமிசம் உக்காந்து மோந்து பாத்து சொல்லுங்கம்மா.

இருதயராஜ்: அவங்களையா?

ராஷித்: சீட்டுல கீறவங்கதானே சொல்லணும்... ம், போதும். கண்ணாடிய எறக்குங்கம்மா. இன்னா, வருதா?

சூசையம்மா: ஒண்ணும் வரல பாய். சுத்தமா கீது.

ராஷித்: வெளிய நிக்கிற எனக்கே கண்ணு எரியுது!

சூசையம்மா: முப்பது வருசமாச்சு. என் மூக்குக்கு அது தெரியாது.

ராஷித்: தப்பு என்னுதுதான். பூக்காரியாண்டயே மல்லிப்பூ வாசனையான்னு கேட்டேன் பாரு. மாமே, நீ ஏறி உக்காரு.

இருதயராஜ்: எனக்கும் தெரியாது பாய்.

ராஷித்: உனக்கு இன்னா கேடு?

இருதயராஜ்: சின்ன வயசுல இருந்தே... அதான் பயமே. வருதா, போயிடுச்சா, சட்டையில ஒட்டியிருக்கா... எனக்கே தெரியாது. எதிர்ல இருக்கிறவன் மூஞ்சியப் பாத்துதான் கண்டுபுடிக்கணும்.

ராஷித்: சின்ன வயசுல இருந்தா?

சூசையம்மா: சார் ஊடு எங்க பக்கத்து ஊடு பாய். நாங்க மாடில காயப்போடுறது அவங்க ஊட்டுக்குள்ள அடிக்கும். பாவம், படிக்கிற புள்ள.

ராஷித்: வழியில லிஃப்டு கேட்டவங்க... இப்ப பக்கத்து ஊடு. சரி.

சூசையம்மா: நான் எறங்கிக்கிறேன். மூட்டைய எடுத்தாதான் உங்க வேலை ஓடும். எனக்கும் மார்க்கெட்டுக்கு நேரமாச்சு.

இருதயராஜ்: இருங்க... நான் ஏதாவது வண்டி...

ராஷித்: ஆட்டோ சொல்லிட்டேன். மதுரைவீரன் வர்றான். பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்தவன், இன்னா ஏத்துனாலும் கேக்க மாட்டான். மாமே, அந்த மூட்டைய தூக்கு.

இருதயராஜ்: ...நானா?

சூசையம்மா: வேணாம் வேணாம். சார் சட்டையில பட்டுடும். பாய், நீங்க ஒரு கை புடிங்க.

ராஷித்: ம்... ஐலசா... ஆச்சு. வீரா, பாத்துப் போ. மார்க்கெட்டுக்குள்ளயே எறக்கி வுடு.

சூசையம்மா: வரேன் சார்.

இருதயராஜ்: ம்.

சூசையம்மா: மத்தியானம் எதனா சாப்புடுங்க. காத்தாலேந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல நீங்க.

இருதயராஜ்: ...ம்.

ராஷித்: போயிட்டாங்க. இப்ப ஏறு. பின் சீட்டுல.

இருதயராஜ்: எனக்குத்தான் தெரியாதுன்னு சொன்னேனே பாய்.

ராஷித்: கருவாடுதானே தெரியாது? தட்டுல சாம்பிராணி போட்டு டிக்கிய மூடிட்டேன். அது வந்தா கண்ணாடிய தட்டு.

இருதயராஜ்: எவ்ளோ நேரம்?

ராஷித்: பத்து நிமிசம். கண்ணாடி ஏத்திகினு, கதவு பூட்டிகினு.

இருதயராஜ்: பாய், ஒரு நிமிஷம்... அவங்க யாருன்னா... நான் வந்து...

ராஷித்: தெரியும். எட்டு வருசமா எங்க ஊட்டுக்கு நெத்திலி அவங்கதான் குடுக்குறாங்க. எம்புள்ள எம்புள்ளன்னு, நீ கறுப்பு அங்கி போட்டுகினு டிகிரி வாங்குன போட்டோவ எங்க வூட்டுக்காரி ஜீனத்து போன்ல கூட ஏத்தி வெச்சுகீறாங்க. நான் பலகைய பாக்கக் குனிஞ்சேன்ல, அப்பதான் அவங்க மூஞ்சியப் பாத்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, உள்ளேந்து என்னப் பாத்து கையெடுத்துக் கும்புட்டுட்டாங்க... காட்டிக்குடுத்துடாதீங்கன்னு. கைய உள்ள எடு, கதவ பூட்டணும்.