கூட்டாளி விலகல் அறிவிப்பு

வங்கி மேலாளர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. எங்கள் மேலாளர் மரியாதை தெரிந்தவர். நான் உள்ளே போனால் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்றும் நின்றுகொண்டேதான் சொன்னார்.

"கம்பெனி கணக்குல ஒரு குத்தமும் இல்லீங்க. உங்க பையன் பேருதான் சிபில் கடன் பதிவுல கெட்டுக் கெடக்குதுங்க. அவர் கூட்டாளியா இருக்கற வரைக்கும் புதுக்கடன் கெடைக்காதுங்க."

இரண்டாயிரத்து எட்டில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றபோது, என் மகன் தரணீதரன் தன் பேரில் வாங்கிய கடன்களை எனக்குத் தெரியாமல் கட்டாமல் விட்டிருந்தான். புதுக்கடன் வராவிட்டால் சாயப்பட்டறையைப் பூட்ட வேண்டும். என் பேரைச் சொல்லி, மாரப்பன் பட்டறை பூட்டிக் கிடக்கிறது என்று ஊர் பேசும்.

மேலாளர் வழியும் சொன்னார். தரணி கூட்டாண்மையிலிருந்து விலக வேண்டும். அதைத் தமிழ்ப் பேப்பரில் விளம்பரமாகக் கொடுக்க வேண்டும். இன்னாருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று.

இன்ஸ்பெக்டர், நீங்கள் தென்மாவட்டத்துக்காரர். இங்கே அந்த விளம்பரம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. போன தையில், என்னைப் போலப் பட்டறை வைத்திருக்கும் ஆத்தப்பன் தன் மகனுக்கு அப்படிக் கொடுத்தார். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பங்காளி கிட்டுசாமி அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தான்.

"ஏனுங்கண்ணா, பையன் பொறந்தப்ப முட்டாய் குடுத்தீங்க. இப்ப பிரிஞ்சதுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

பந்தியே சிரித்தது. ஆத்தப்பன் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். நானும்தான் சிரித்தேன். மேலாளர் சொன்ன நாளிலிருந்து, காலையில் பேப்பர் வந்து விழும் சத்தம் கேட்டாலே எனக்கு அந்தப் பந்திச் சிரிப்பு கேட்டது.

தரணி வேறு யோசனை வைத்திருந்தான். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டான். வைப்புத்தொகையின் பேரில் சின்னக் கடன் ஒன்று எடுத்து மாதம் தவறாமல் கட்டி வந்தான். "ரெண்டு வருசம் பொறுத்துக்குங்கப்பா. என் பேரை நானே நேராக்கிக் காட்டறேன்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் பட்டறை இரண்டு மாதம்கூடத் தாங்காது.

ஆகவே மேலாளரிடம் பொதுவாக ஒன்று கேட்டேன். கூட்டாளி காலமாகிவிட்டால்?

"அதுக்கு விளம்பரம் வேண்டாங்க. இறப்புச் சான்றிதழும் வாரிசு கையெழுத்தும் போதுங்க. ஏனுங்க, ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். அது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. கழிவுத் தொட்டியில் மோட்டார் அடைத்திருக்கிறது என்று சொல்லித் தரணியை அழைத்துப் போனேன். அந்தத் தொட்டிக்குள் விஷவாயு நிற்கும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மூடியைத் திறந்ததும் அவன் பின்வாங்கினான்.

"வாடை ஒரு மாதிரி இருக்குதுங்கப்பா. பயமா இருக்குது. நாளைக்கு ஆளை வெச்சுப் பாத்துக்கலாங்க."

"நான் மேல நிக்கறன் கண்ணு. எறங்கு."

என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. இறங்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் தரையில் பட்டதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். இரண்டு முறை அப்பா என்றான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மூடியையும் நானேதான் போட்டேன்.

விபத்து என்று எழுதினார்கள். சாவுக்கு ஊரே வந்தது. கிட்டுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மருமகள் அனுப்பிரியா மட்டும் காரியத்தன்று கேட்டாள்: "உள்ள ஏணியே இல்லீங்களே மாமா, அவரு எப்படி எறங்குனாருங்க?" மறுநாளே பிள்ளையோடு சோமனூருக்கு, அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். வங்கி கேட்ட வாரிசு கையெழுத்தைப் போட வேண்டியவள் அவள்தான்.

நேற்று நானே படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கடனால் பிழைக்கப்போவது அவள் பிள்ளையும்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பேர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். அவள் எதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புழக்கடை வழியாக உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.