வாழை மறைத்த லாரி

மைசூரில் எலும்பு டாக்டரைப் பார்க்க என் முழங்காலோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில் கொள்ளேகால் பக்கத்துக் கணவன், மனைவி. அவர் கொத்தனார், காலில் மாவுக்கட்டு.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நானாத்தான் விழுந்தேன்னு சொல்லிப்போட்டேன் புள்ள."

"லாரி இடிச்சதுன்னு ஏனுங்க சொல்லல?"

"டிரைவர் நம்ம ஹனூர்ப் பையன். ஆயுத பூசைக்கு ரெண்டு பக்கமும் வாழமரம் கட்டியிருந்தான். மண்டி மொஹல்லா சந்துல திரும்பறப்ப எல கண்ணாடிய மறச்சிருச்சு. என்னய அந்த லாரியிலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்ததே அவந்தான். நட்டஈடு கேட்டா பாவம், எங்க போவான்?"

ஆஸ்பத்திரிக் குறிப்பில் 'தானாக விழுந்தார்' என்று ஏறிவிட்டால், தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது எத்தனை பாடு என்பது எனக்குப் பிரிவு எண்ணோடு தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகத்தில் இப்படிப்பட்ட உத்தமர்களின் கோப்புகளை நிறையத் தள்ளுபடி செய்திருக்கிறோம்.

"அவன் எதுக்குங்க குடுக்கோணும்? லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்குது, கம்பெனிக்காரன் குடுப்பான். மாசக்கணக்குல நீங்க சாரம் ஏற முடியாது. சோத்துக்கு என்ன பண்றது?"

"எழுதிட்டாங்களே!"

"வலியில ஒளர்றீங்கன்னு டாக்டர்கிட்ட நாஞ்சொன்னேன். லாரி இடிச்சதுன்னுதான் எழுதியிருக்காங்க. போலீசுலயும் சொல்லியாச்சு."

சொல்ல வாயெடுத்த பிரிவு எண்ணை நிம்மதியாக விழுங்கினேன். அவரும் கட்டுப்போட்ட காலை மெதுவாக நீட்டிக்கொண்டார்.

"நம்பர் பிளேட்டையும் எல மறச்சிருந்துச்சே?"

"ஆஸ்பத்திரி வாசல்லயே மரத்தப் பிடுங்கிப் போட்டுட்டுப் பாத்தேன்."

"பூச போட்ட மரத்தையா? டிரைவர் ஒண்ணும் சொல்லலயா?"

"இன்னொரு மரத்த அவந்தாங்க பிடுங்கினான்."